கொல்லிப் பண்ணும் ஒரு திருகாணியும்

கொல்லி என்பது மலையின் பெயர் மட்டுமல்ல, ஒரு பண்ணின் பெயரும்கூட. அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. இன்றைய ஓதுவார்கள் அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். அப்பர் காலத்தில் அது எப்படி ஒலித்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை பலருக்குத் தெரியும். தில்லையில் பூட்டிக் கிடந்த அறை, கரையான் தின்ற சுவடிகள், சோழ மன்னன், நம்பியாண்டார் நம்பி. கதையின் இரண்டாம் பாதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சுவடி கையில் கிடைத்துவிட்டது, ஆனால் எப்படிப் பாடுவதென்று தெரியவில்லை. கடைசியில் திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் போய்த்தான் பண்களை மீட்டார்கள். இது வரலாறா புராணமா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். சாஃப்ட்வேர்காரனான எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: ஃபைல் கிடைத்தது, பிளேயர் கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கல் போன வருடம் என் மேசைக்கே வந்தது. நாமக்கல் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். 1980களின் கடைசியில் தொடங்கி சில வருடங்கள் கொல்லிமலை ஊர்களுக்குப் பேருந்திலும் நடையிலுமாகப் போய் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டுகளைப் பதிவு செய்தவர். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு என 41 கேசட்டுகள். கூடவே தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு கேசட் ரெக்கார்டர். "தம்பி, இதைச் சரிபண்றதா, புதுசு வாங்குறதா? நீயே முடிவு பண்ணு" என்று கொடுத்துவிட்டார். சேலத்தில் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்தார். பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரத்தில் ஒட்டியிருந்தது. "இதெதுக்குங்க சார் ரிப்பேரு? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி.

மலையேறிப் பதிவு செய்தவர்கள் எல்லோருமே இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். டச்சு இசையறிஞர் ஆர்னால்ட் பாகே 1925இல் சாந்திநிகேதனுக்கு வந்தார். மெழுகு உருளை ஃபோனோகிராஃபில் தொடங்கியவர், 1930களின் பிற்பாதியில் டெஃபி என்ற ஜெர்மானியக் கருவிக்கு மாறினார். செல்லுலாய்டு பட்டையில் ஊசியால் பள்ளம் கீறிப் பதியும் எந்திரம் அது. உருளையில் சில நிமிடங்கள்தான் பிடிக்கும், பட்டையில் அதைவிட நெடுநேரம் ஓடும். 1938இல் தென்னிந்தியாவில் அதை வைத்துப் பதிவு செய்தார். பாடகர் மூச்சு விட்டுப் பாட இடம் கிடைத்தது என்ற அளவில் அது நல்ல முடிவுதான். ஆனால் டெஃபி உலகத்தில் நிலைக்கவில்லை. மெழுகு உருளைக்காவது உலகம் முழுக்க எந்திரங்கள் இருந்தன. பட்டையைக் கேட்க வேண்டுமென்றால் அந்த ஒரு ஜாதி எந்திரம்தான்.

46 வருடங்கள் கழித்து, 1984இல், நசீர் ஜைரஸ்போயும் ஏமி கேட்லினும் பாகே போன வழியிலேயே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று போனார்கள். பழைய பதிவுகளை ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டி, அதே கலை இப்போது எப்படி இருக்கிறதென்று வீடியோவில் பிடித்தார்கள். இதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1982இல், அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் நம் நாட்டில் இசை ஆவணக்காப்பகம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்துகொண்டு போனவற்றின் பிரதி பாடியவர்களின் நாட்டிலும் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

ஏன் ஒலி வேண்டும், எழுதி வைத்தால் போதாதா? கொல்லிமலைக்கு மேற்கே, காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை ரீல் டேப்பில் பல இரவுகள் பதிந்தார். பாடகர் சொல்லச் சொல்ல எழுதிய வடிவமும் அவரிடம் இருந்தது. இரண்டையும் அவர் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றாக இல்லை. கூட்டத்துக்கு முன்னால் பாடும்போது வருவது, எழுதுகிறவருக்குச் சொல்லும்போது வருவதில்லை. கொல்லிமலைக்கே வருவோம். மொழியியலாளர் கருணாகரன் எழுதிய கொல்லிமலைத் தமிழ் வட்டார வழக்கு நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. அந்தப் பேச்சின் ஒலியன்கள் அதில் உண்டு. ஒரு கிழவி ஒப்பாரியில் எங்கே மூச்சை விட்டாள் என்பதை எந்தப் புத்தகமும் பிடிக்காது.

ஆகவே முடிவு. இனிமேல் பதிவு செய்யப் புதிய டிஜிட்டல் ரெக்கார்டர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய எந்திரத்தில் புதுப் பதிவு செய்வது வெறும் ஏக்கம், அவ்வளவுதான். ஆனால் ரெக்கார்டர் இரண்டு வேலை செய்கிறது: எழுதுகிறது, வாசிக்கிறது. எழுதும் வேலையைப் புதியது எடுத்துக்கொள்ளும். வாசிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளாது.

இங்கே கொஞ்சம் கணக்கு. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் இடம் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. மோனோ பதிவின் தடம் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். வாசிக்கும் ஹெட், எழுதிய ஹெட்டிலிருந்து பாகையில் ஐந்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தால் போதும், தடத்தின் ஒரு ஓரம் அலையின் மேட்டையும் மறு ஓரம் அடுத்த மேட்டையும் படித்து, நடுவில் எல்லாம் ஒன்றையொன்று தின்று, அந்த ஒலியே காணாமல் போகும். சலங்கை போய்விடும். 'ச'வின் கூர்மை மழுங்கிவிடும். ஐயா ஏற்கெனவே நகரத்தில் ஒரு கடையில் சில கேசட்டுகளை சி.டி.யாக மாற்றி வைத்திருந்தார். எல்லாமே போர்வைக்குள்ளிருந்து பாடினது போல இருந்தன. நாடா கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தார். நாடாவில் ஒன்றும் கெடவில்லை, கோணம்தான் தப்பு.

அந்தக் கோணத்தை ஹெட்டின் பக்கத்திலிருக்கும் ஒரு சின்னத் திருகாணி தீர்மானிக்கிறது. நல்ல மெக்கானிக் முதலில் செய்வது அதை ஸ்டாண்டர்ட் நிலைக்குத் திருப்பி வைப்பதைத்தான். எங்கள் விஷயத்தில் அது ஒரு தடயத்தை அழிப்பது. அதனால் பெல்ட்டை மாற்றுவதற்கு முன்பே திருகாணியின் மேல் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டோம். சேலத்துக்காரர் சிரித்தார். பெல்ட்டின் விலை ஒரு பிரியாணிக்குள் அடங்கிவிட்டது. உருகிய ரப்பரை ஆல்கஹால் தொட்டுத் துடைக்கத்தான் ஒரு முழு மதியம் ஆனது.

பழைய எந்திரம் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் வருடக்கணக்கில் குலுங்கிய திருகாணி அது. கடைசிக் கேசட்டுகள் அதில் பளிச்சென்று கேட்டன. முதல் கேசட்டுகள் அதிலேயே மங்கல். அவற்றுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல டெக் வாங்கி, ஒவ்வொரு கேசட்டுக்கும் காதால் கேட்டுக் கேட்டுக் கோணத்தைத் திருப்பினோம். ஆவணக்காப்பகங்களின் வழக்கமான முறையும் அதுதான். இப்படிப்பட்ட டெக்குகளும் உதிரி பாகங்களும் தீர்ந்துகொண்டே வருகின்றன. காந்த நாடாக்களுக்கு 2025தான் கெடு என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015இலேயே எச்சரித்திருந்தது. கெடு வந்தேவிட்டது.

கோணம் சரியானாலும் வேகம் பாக்கி. பேட்டரி தீரும் நேரத்தில் மோட்டார் மெதுவாக ஓடும். மெதுவாக எழுதியதைச் சரியான வேகத்தில் வாசித்தால் குரல் மேலே போகும். 5 சதவீத வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு சுரஸ்தானம் ஏறிவிடும். கீழ்நாட்டுப் பதிவுகளில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பின்னணியில் ஒட்டியிருக்கும், அதை அளவுகோலாக வைத்து வேகத்தைத் திருத்தலாம். மின்சாரம் இல்லாத வீட்டுத் திண்ணையில் பதிந்த ஒப்பாரியில் அந்த இரைச்சல் இல்லை. முதல்முறையாக ஒரு பதிவில் இரைச்சல் இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

அந்த ஒப்பாரியைப் பாடியவர் இப்போது இல்லை. ஐயா விசாரித்ததில் அவருடைய பேத்தி செம்மேட்டில் கடை வைத்திருப்பது தெரிந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனோம். கொஞ்ச நேரம் கேட்டவர் தலையை ஆட்டினார். "இது எங்க அம்மாயி கொரலு இல்லீங்க. ஆரோ சின்னப்புள்ள பாடறாப்புல இருக்குது." வேகத்தை 2 சதவீதம் குறைத்தேன். இல்லை என்றார். 3. இல்லை. கடைக்கு வந்தவர்கள் சாமான் கேட்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். நாலரைக்கு வந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை, தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதை மறுக்காப் போடுங்க" என்றார். ஃபைலின் பெயரோடு 4.5 என்ற எண்ணையும் சேர்த்துச் சேமித்தேன்.