மூன்றே மூன்று புள்ளி



துவக்கு என்றால் எங்களுக்கு யுத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் தூரத்து இலக்கைச் சுடுவதைப் பொழுதுபோக்காகப் பழகியவர்களின் கதையும் வரலாற்றில் இருக்கிறது.

1873 இல் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணி அமெரிக்காவுக்குச் சவால் விட்டது. ஏற்றுக்கொண்டது நியூயோர்க்கின் அமெச்சூர் ரைபிள் கழகம். அவர்களுடைய கிரீட்மூர் சுடுதளம் திறந்தது அதே 1873 இல்தான். 1,000 யார் தூரமெல்லாம் அவர்களுக்குப் புதிது. அது 914 மீற்றர்! அவ்வளவு தூரத்தில் குறி மட்டும் சரியாக இருந்து பயனில்லை, குண்டு போய்ச் சேருமுன் காற்று தள்ளிவிடும். கொடி அசைவதைப் பார்த்து எவ்வளவு ஒதுக்கிப் பிடிப்பது என்பதைச் சுட்டுச் சுட்டுத்தான் பழக வேண்டும். மாதக்கணக்கில் பழகினார்கள்.

1874 செப்டெம்பர் 26 போட்டி. அணிக்கு 6 பேர். 800, 900, 1,000 யார் தூரங்களில் ஆளுக்கு 15 வெடி வீதம். அயர்லாந்தின் மில்னர் ஒரு வெடியை அச்சொட்டாக நடுவில் வைத்தார், பக்கத்து இலக்கில்! 4 புள்ளிக்குப் பதிலாகப் பூச்சியம்.

அயர்லாந்து 931 உடன் முடித்தது. அமெரிக்கா 930, மிச்சம் ஒரே வெடி. சுட வேண்டிய ஜோன் போடைனின் கையைச் சற்று முன்புதான் ஜிஞ்சர் பியர் போத்தல் உடைந்து வெட்டியிருந்தது (பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நம்ம கடை இஞ்சிச் சோடா மாதிரித்தான்). கைலேஞ்சியைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். நடு. 934.

மில்னரால் கிடைத்த வெற்றி என்று சொல்லலாம்தான். ஆனால் 1875 இல் அமெரிக்கர்கள் அயர்லாந்துக்கே போய் டொலிமவுண்டில் சுட்டார்கள். 967க்கு 929.