கை போனால் ஈடு யார் தருவது?

கதிரடிக்கிற மிஷினில் ஓர் ஆளின் கை மாட்டிக்கொண்டால் ஊரில் முதலில் கிளம்பும் பேச்சு என்ன? "அவன் பார்த்து வேலை செய்திருக்க வேணாமா?" என்பதுதான். தப்பு யார் பேரில் என்ற இந்தக் கேள்விதான் ஒரு காலத்தில் சட்டத்தின் கேள்வியாகவும் இருந்தது.

1837-ல் இங்கிலாந்தில் கசாப்புக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த ஆள், அதிக பாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடை எலும்பு உடைந்து கிடந்தான். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. எஜமானுக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. அடிபட்டுப் படுத்திருக்கிறவன் எஜமான் பேரில் தப்பை நிரூபிக்கச் சாட்சிக்கு எங்கே போவான்?

ஜெர்மனி 1884-ல் வழியை மாற்றியது. தப்பு யாருடையது என்று கேட்காதே, வேலையில் நடந்ததா என்று மட்டும் கேள் என்றது. 1886-ல் விவசாய வேலைக்கும் அதை நீட்டியது. இங்கிலாந்து 1897-ல் சட்டம் செய்தபோது வயல் வேலைக்காரரை வெளியே நிறுத்தியது. 1900-ல்தான் உள்ளே சேர்த்தது.

நம் நாட்டில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ல் பிறந்து, 1924 ஜூலை 1 முதல் அமலானது. ரயில்வே, ஆலை, சுரங்கம் என்றுதான் முதல் பட்டியல். டிராக்டர் முதலான இயந்திரங்களால் செய்யும் விவசாயம், கிணறு வெட்டுதல், பூச்சிமருந்து தெளித்தல் எல்லாம் பின்னால் திருத்தங்களில் சேர்ந்தவை. மிஷின் இல்லாமல் வயலில் நாற்று நடுவது, களை பறிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அது பெரிய குறைதான்.

அந்தச் சட்டத்தின் கணக்கில் கட்டைவிரல் போனால் 30 சதவீத உழைப்புத் திறன் இழப்பு. ஒரு கை போனால் 60 சதவீதம். சம்பளத்தையும் வயதையும் வைத்து தொகை போடுவார்கள். 2009 திருத்தத்தில் இறப்புக்குக் குறைந்தது 1,20,000 ரூபாய், ஆயுளுக்கும் எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால் 1,40,000 ரூபாய் என்று வைத்தார்கள். வெறும் கவனக்குறைவு என்று சொல்லி ஈட்டை மறுக்க முடியாது. குடித்துவிட்டு வேலை செய்ததாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியதாலோ வந்த காயம் என்றால் மறுக்கலாம். ஆனால் உயிரே போனால் அந்தச் சாக்கும் செல்லாது.

2025 நவம்பர் 21 முதல், 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. நஷ்ட ஈடு பற்றிய பகுதி அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஆகவே விபத்து நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்த வேலையில், எந்த மிஷினில் அடிபட்டது என்று அங்கே பதியச் சொல்லுங்கள். வேலை கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நாள் கடத்தாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மிஷின் வைத்திருப்பவர்களே, சட்டத்தின் கண்ணில் நீங்களும் முதலாளிதான். இன்சூரன்ஸ் போடும்போது வேலையாளுக்கும் அதில் இடம் உண்டா என்று கேட்டுப் போடுங்கள். பணம் வந்தாலும் போன கை வராது. மூடியைக் கழற்றாமல் மிஷினை ஓட்டுங்கள்.