வக்கீல் லிங்கனும் இரண்டு வழக்குகளும்

ஆபிரகாம் லிங்கன் என்றதும் பள்ளிக்கூடத்துப் பாடம்தான் ஞாபகத்துக்கு வரும். மரக்குடிசையில் பிறந்தார், கஷ்டப்பட்டுப் படித்தார், அடிமைகளை விடுவித்தார். கதை முடிந்தது. அந்தக் கதையில் அடிமைகளுக்குப் பேரே கிடையாது. யாரோ ஒருத்தர் வந்து விடுதலை பண்ணும் வரைக்கும் கைகட்டிக் காத்திருந்த கூட்டமாகத்தான் அவர்கள் வருகிறார்கள். 'அரிஜன சேவை'க் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மாதிரிக் கதை புதிதில்லை. ஜனாதிபதி லிங்கனைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அதற்கு முன்னால் இல்லினாய் மாநிலத்தில் வக்கீலாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த லிங்கனைப் பார்ப்போம்.

1830களில் இல்லினாய் அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறம். 1818இல் எழுதப்பட்ட அதன் அரசியல் சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்றது. அதே சட்டம், ஷானிடவுன் பக்கத்தில் உப்புக் காய்ச்சும் இடங்களில் 1825 வரை அடிமைகளை வைத்து வேலை வாங்கலாம் என்றும் சொன்னது. 'ஒப்பந்த ஊழியம்' என்று பேரை மாற்றி அடிமைத்தனத்தை நடத்தினார்கள். கறுப்பருக்கு ஓட்டு இல்லை. வெள்ளையருக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியாது. தான் அடிமை இல்லை என்பதற்குக் கையில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

இந்த மாநிலத்துச் சட்டமன்றத்துக்கு 1834இல் லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1842 வரை நான்கு முறை உறுப்பினர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தே 1836இல் வக்கீல் உரிமம் பெற்றார். 1837 ஜனவரியில், அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்துச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆதரவு 77, எதிர்ப்பு 6. அந்த ஆறு பேரில் லிங்கனும் ஒருவர். மார்ச் மாதம் டான் ஸ்டோன் என்ற உறுப்பினரோடு சேர்ந்து எழுத்துமூலம் தன் மறுப்பைப் பதிவு செய்தார். அடிமைமுறை அநீதியானது என்றார்கள். ஆனால் ஒழிப்பு இயக்கத்தின் பிரச்சாரம் அந்தத் தீமையைக் கூட்டத்தான் செய்யும் என்றும் அதே பத்திரத்தில் எழுதினார்கள். 'தீண்டாமை தப்புதான், ஆனா நீங்க கலகம் பண்ணாதீங்க' என்று நம்மிடம் சொல்கிறவர்களின் குரல் இதில் கேட்கவில்லையா? ஆனாலும் 77 பேருக்கு எதிராக எழுந்து நிற்பது சும்மா இல்லை. இரண்டையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

முதல் வழக்கு 1841. நேத்தன் கிராம்வெல் என்பவர் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை டேவிட் பெய்லிக்கு விற்றார். பெய்லி புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். கிராம்வெல் செத்துப்போனார். அவர் சொத்தை நிர்வகித்தவர்கள் நோட்டுப் பணத்தைக் கேட்டுக் கேஸ் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் பெய்லி தோற்றார். அப்பீலில் லிங்கன் அவருக்காக வாதாடினார். இல்லினாயில் எந்த மனிதரும் நிறம் பார்க்காமல் சுதந்திரமானவர் என்றே சட்டம் கொள்ளும், சுதந்திரமானவரை விற்பது செல்லாது, ஆகவே நோட்டும் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேஸ் நடந்தது இரண்டு வெள்ளைக்காரத் தரப்புக்கு இடையில், பணத்துக்காக. நான்ஸ் அதில் கட்சிக்காரர்கூட இல்லை. ஆனால் அவர் சும்மா இருந்தவரில்லை. 1828இலேயே அவர் வழக்கு அதே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருந்தது. பெய்லி வீட்டுக்கு வந்த பிறகும் 'நான் யாருக்கும் அடிமையில்லை' என்று சொல்லி, ஆறு மாதத்தில் வெளியே போய்விட்டார். அவர் போகாமல் இருந்திருந்தால் லிங்கனுக்கு வாதமே கிடைத்திருக்காது. உள்நாட்டுப் போரில் அவர் மகன் வில்லியம் காஸ்ட்லி கறுப்பர் படைப்பிரிவில் துப்பாக்கி ஏந்தினார்.

இரண்டாவது வழக்கு 1847. கெண்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மாட்சனுக்கு இல்லினாயில் ஒரு பண்ணை. அங்கே ஜேன் பிரையன்டையும் அவர் பிள்ளைகளையும் வைத்து வேலை வாங்கினான். ஜேனின் கணவர் ஆன்டனி சுதந்திரமானவர். குடும்பத்தைத் தெற்கே விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆன்டனி மனைவி மக்களோடு தப்பி, அடிமைமுறையை எதிர்த்த இருவரிடம் அடைக்கலம் போனார். ஜேனும் பிள்ளைகளும் சார்லஸ்டன் ஊர் ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். இந்தக் கேஸில் லிங்கன் நின்றது யார் பக்கம்? மாட்சன் பக்கம். இவர்கள் பருவத்துக்கு வந்து போகிற வேலையாட்கள், இங்கே குடியிருப்பவர்கள் இல்லை என்பது அந்தத் தரப்பு வாதம். கோர்ட் அதை ஏற்கவில்லை. ஜேனும் பிள்ளைகளும் விடுதலையானார்கள்.

'வக்கீல்னா யார் வந்தாலும் வாதாடணும், அதுதான் தொழில் தர்மம்' என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கட்டும். அன்று அவர் ஜெயித்திருந்தால் பிள்ளைகளோடு ஒரு தாய் ஏலத்துக்குப் போயிருப்பார். தொழில் தர்மத்துக்கான விலையை எப்போதும் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. அதே சார்லஸ்டனில் 1858 செப்டம்பரில் நடந்த தேர்தல் விவாதத்தில், கறுப்பருக்கு ஓட்டுரிமையும் சமூக சமத்துவமும் தருவது தன் கொள்கையில்லை என்று லிங்கன் வெளிப்படையாகவே பேசினார்.

அப்படிப்பட்டவர் 1863இல் விடுதலைப் பிரகடனம் வெளியிடும் இடத்துக்கு வந்தது எப்படி? ஓடிப்போனவர்கள், கேஸ் போட்டவர்கள், படையில் சேர்ந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவரை அங்கே கொண்டுவந்தார்கள். இல்லினாயிலேயே பாருங்கள். 1853இல் வேறு கறுப்பர் யாரும் மாநிலத்துக்குள் குடியேறக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மீறினால் அபராதம், கட்ட முடியாவிட்டால் உழைப்பை ஏலம் விடுவார்கள். சிகாகோவில் ஜான் ஜோன்ஸ் என்ற கறுப்பினத் தையல்காரர் இந்தக் கறுப்புச் சட்டங்களுக்கு எதிராக விடாமல் போராடினார். 1864இல் துண்டு நூல் எழுதி அச்சிட்டார். 1865 பிப்ரவரியில் அந்தச் சட்டங்கள் ரத்தாயின.

ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி'யை எந்த ஜனாதிபதிக்கும் சமர்ப்பிக்கவில்லை. அடிமை விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். லிங்கனைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர் பேர் வரும் பக்கத்திலேயே நான்ஸ், ஜேன், ஆன்டனி, ஜான் ஜோன்ஸ் பேர்களும் வர வேண்டும் என்கிறோம். நம் ஊர்களின் கோர்ட் கட்டுகளிலும் இப்படி எத்தனையோ பேர்கள் கிடக்கின்றன. வக்கீல் பேரை மட்டும் படித்துவிட்டு மூடி வைக்கிற பழக்கத்தை மாணவத் தோழர்கள் விட்டொழிக்க வேண்டும்.