ஸ்காட்ச் புரூம்

ஸ்காட்ச் புரூம் (தாவரவியல் பெயர்: சைட்டிசஸ் ஸ்கோபேரியஸ்) பயறு குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. மேற்கு ஐரோப்பாவிலும் நடு ஐரோப்பாவிலும் மணற்பாங்கான தரிசுகளில் இயல்பாக வளர்வது. பெயரில் ஸ்காட்லாந்து இருந்தாலும் அந்த நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தாவரவியல் பெயரின் வேரான ‘ஸ்கோபா’ என்றால் இலத்தீனில் துடைப்பம். நம் ஊரில் தென்னை ஈர்க்கைக் கட்டி விளக்குமாறு செய்வதுபோல ஐரோப்பியக் குடியானவர்கள் இதன் குச்சிகளைக் கட்டி வீடு பெருக்கினார்கள். ஆங்கிலத்தில் செடியின் பெயரே பிறகு துடைப்பத்துக்கும் ஆகிவிட்டது. இங்கிலாந்தை ஆண்ட பிளான்டாஜெனட் அரச குலத்தின் பெயரும் இதிலிருந்துதான் வந்தது. 12ஆம் நூற்றாண்டில் அஞ்சூவின் கோமகன் ஜெஃப்ரி இதன் பூங்கொத்தைத் தொப்பியில் சூடுவார் என்பது வழிவழிக் கதை.

1 முதல் 3 மீட்டர் வரை உயரும். இலைகள் சிறியவை, விரைவில் உதிர்பவை. அதனால் உணவு தயாரிக்கும் வேலையில் பெரும்பங்கை, வரி வரியாகப் புடைத்த பச்சைத் தண்டுகளே ஏற்றுக்கொள்கின்றன. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தற்ற மண்ணிலும் செழிக்கிறது. செடியில் ஸ்பார்ட்டீன் என்ற நச்சுப்பொருள் உண்டு.

வேனில் தொடக்கத்தில் புதர் முழுவதும் பொன்மஞ்சளாகிவிடும். ஆவாரையின் மஞ்சளை நினைத்துக்கொண்டால் நிறம் பிடிபடும். வடிவமோ அவரைப்பூவின் வடிவம். இந்தப் பூவில் தேன் கிடையாது என்றே சொல்லலாம். வண்டு வருவது மகரந்தத்துக்காக. கனத்த வண்டு ஒன்று உட்கார்ந்ததும் படகுபோல் மூடியிருக்கும் கீழிதழ்கள் வெடித்துத் திறக்கும். குட்டையான மகரந்தத்தாள்கள் அதன் வயிற்றில் அடிக்க, நீளமானவை சூல்தண்டோடு சேர்ந்து சுருண்டு முதுகில் அடிக்கும். ஒரு பூவுக்கு இந்த வெடிப்பு ஒருமுறைதான். காயும் இதே குணமுடையது: முற்றிக் கறுத்த காய்கள் வெயிலில் ‘பட்’டென்று முறுக்கிப் பிளந்து விதைகளைத் தூர எறியும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் அதை இன்னும் தள்ளி இழுத்துச் செல்லும்.

வளர்ப்பது எளிது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் முழு வெயிலும் நல்ல வடிகாலும் உள்ள இடத்தைத் தேர்வார்கள். சுண்ணாம்பு மிகுந்த மண் ஆகாது, எருவும் வேண்டியதில்லை. விதையின் தோல் கடினமானதால் அதைக் கீறியோ, வெந்நீரில் ஊறவைத்தோ விதைப்பார்கள். பெயர்த்து நட்டால் பட்டுப்போகும் என்பதால் சிறு கன்றாகவே நிலையான இடத்தில் வைத்துவிட வேண்டும். பூ முடிந்த கையோடு கவாத்து செய்யலாம். ஆனால் பச்சைக் கிளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முற்றிய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது. செடிக்கு ஆயுளும் குறைவு, பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்தால் அதிகம். மஞ்சளோடு செம்பழுப்பு கலந்த ‘ஆண்ட்ரியானஸ்’ பலரும் விரும்பி வளர்க்கும் வகை.

இத்தனை எளிதாக வளர்வதுதான் இதன் தொல்லையும். கனடாவின் வான்கூவர் தீவில் குடியேறிய கேப்டன் வால்டர் கிராண்ட், ஹவாயிலிருந்து கொண்டுவந்த விதைகளை 1850இல் தம் நிலத்தில் ஊன்றினார். அவற்றில் மூன்று செடிகளே பிழைத்தன. இன்று அத்தீவின் வெட்டவெளிகளை மஞ்சளாக்கியிருக்கும் புதர்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கலிபோர்னியா ஆகிய இடங்களிலும் இது களைதான்.

நீலகிரிக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். தாய்நாட்டை நினைவூட்டும் அழகுச்செடியாக வந்தது, மேல் நீலகிரியின் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளுக்குள் புகுந்தது. சீகை மரத்தோடும், முள் நிறைந்த மஞ்சள் பூப் புதரான கோர்ஸோடும் சேர்ந்து புல்லை மூடிவிடுகிறது. வரையாடு மேயும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் தப்பவில்லை. ஊட்டிக்குச் செல்பவர்கள் இதை மலைக்கே உரிய பூவென்று நினைத்துப் படமெடுப்பதுண்டு. அங்கே இது நட வேண்டிய செடியன்று, பிடுங்க வேண்டிய செடி. இளஞ்செடியை ஈர மண்ணில் வேரோடு பிடுங்கலாம். பெரியதைக் காய் முற்றுவதற்கு முன் அடியோடு வெட்ட வேண்டும். விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். எனவே ஒருமுறை அகற்றிய இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பிப் போய் முளைகளைக் களைய வேண்டியிருக்கும்.