பொருளும் கோலமும்: பாணித்தாள்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அச்சிட்ட பக்கமொன்றை நோக்குபவர் இரண்டினை ஒருங்கே காண்கின்றார். ஒன்று ஆசிரியர் கூறிய பொருள். மற்றையது அச்சகம் அதற்களித்த கோலம். கையெழுத்துப் பிரதியின் ஓரத்திற் பதிப்பாசிரியர் இட்ட குறிகள் அச்சுக்கோப்பவருக்கான கட்டளைகளாக விளங்கின. அச்சுத்தொழிலிற் கணனி புகுந்தபோது அக்கட்டளைகள் பாடத்தினுள்ளேயே இடம்பெறலாயின. அவை குறித்த ஒரு பொறிக்கே உரியனவாகையால், பொறி மாறியபோது பாடமும் பயனற்றுப்போகும் நிலை தோன்றியது.

இதனினும் பெரிய இடரொன்றும் உண்டு. ஆங்கில அச்சு மரபில் நூற்பெயரும், பிறமொழிச் சொல்லும், அழுத்தம் பெறும் சொல்லும் சாய்வெழுத்திலேயே அமையும். அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை வாசகர் உய்த்துணர்வர், கணனி உணராது. எனவே, ஒரு சொல் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை விடுத்து, அது யாது என்பதைக் குறித்தலே தக்கதென்ற கருத்து உருவாயிற்று.

1967ஆம் ஆண்டு செப்டெம்பரில், கனடிய அரசாங்க அச்சகத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் வில்லியம் ரனிக்ளிஃப் இக்கருத்தை முன்வைத்தார். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கோல்ட்பார்ப், மோஷர், லோரி ஆகிய மூவரும் சட்ட அலுவலகங்களின் ஆவணங்களைக் கையாளும் பொருட்டு ஜி.எம்.எல். என்னும் குறிமொழியை ஆக்கினர். மூவர் பெயர்களின் முதலெழுத்துக்களும் அதன் பெயரிற் பொதிந்துள்ளன. அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இற் சர்வதேச நியமமாயிற்று.

பொருளை மட்டும் குறித்த ஆவணத்துக்குக் கோலம் அளிப்பது எங்ஙனம்? இதற்கு விடையாக அமைந்ததே பாணித்தாள். தலைப்பெனின் பெரிய எழுத்து, நூற்பெயரெனின் சாய்வெழுத்து என விதிகளை நிரற்படுத்திய பட்டியலே அது. சிறுநிரல் ஒன்று ஆவணத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துச் செல்லும். ஓர் உறுப்பின் தொடக்கக் குறியைக் கண்டதும் பட்டியலை நோக்கி உரிய விதியைச் செயற்படுத்தும். முடிவுக் குறியைக் கண்டதும் முன்னைய நிலைக்கு மீளும். தான் எவ்வுறுப்புக்களின் உள்ளே நிற்கின்றது என்பதை அது நினைவில் வைத்திருப்பதனால், அத்தியாயத் தலைப்பையும் அட்டவணைத் தலைப்பையும் வேறுபடுத்தவும் இயலும்.

ஆயினும் இம்முறைக்கு எல்லையுண்டு. நூலின் முகப்பிற் பொருளடக்கம் வரவேண்டுமெனின், பின்னே வரவிருக்கும் தலைப்புக்களை முன்னரே திரட்டவேண்டும். ஒருமுறை மட்டும் வாசித்துச்செல்லும் சிறுநிரலுக்கு இது கைகூடாது. இத்தகைய தேவைகளை நிறைவேற்ற எழுந்த டி.எஸ்.எஸ்.எஸ்.எல். 1996இல் நியமமாயிற்று. அது ஸ்கீம் என்னும் நிரல்மொழியைத் தழுவியது. ஆற்றல் மிக்கதாயினும், நிரலாக்கம் அறியாதாருக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

இதற்கு மாறான எளிய வழியை ஹோகொன் வியும் லீ 1994 ஒக்ரோபர் 10இல் முன்மொழிந்தார். அதன் பயனாக 1996 டிசெம்பரிற் சி.எஸ்.எஸ். வெளிவந்தது. அதே ஆண்டில், பாணிவிதிகளை ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதலாமென நெற்ஸ்கேப் நிறுவனம் முன்வைத்த திட்டம் நிலைபெறவில்லை. வெறும் விதிப்பட்டியலே வென்றது.

கோலத்தை நிர்ணயிக்கும் உரிமை எவருடையது என்ற வினாவும் இங்கு எழுந்தது. ஆசிரியர், வாசகர் ஆகிய இருவரது விதிகளையும் அடுக்கி இணக்குவதே சி.எஸ்.எஸ். முறையின் சிறப்பாகும். இருவரும் தத்தம் விதியை முதன்மையானதெனக் குறித்தால், முதற் பதிப்பின்படி ஆசிரியர் விதியே மேலோங்கும். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இதனை மாற்றி, வாசகர் விதிக்கே மேலிடம் அளித்தது. பார்வை குன்றியோர் பெரிய எழுத்தை வற்புறுத்துவதற்கு இம்மாற்றம் இன்றியமையாததாயிற்று.

1998 பெப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். நியமமும், ஆவணத்தை முழு மரமாகக் கொண்டு உருமாற்றும் எக்ஸ்.எஸ்.எல்.ரி. 1999 நவம்பரிலும் வெளியாயின. இவ்வாறு உருமாற்றம் ஒரு கருவிக்கும், அலங்காரம் மற்றொன்றுக்கும் உரியனவாயின. இரண்டையும் ஒரே ஆவணத்திற்கு அடுத்தடுத்துப் பயன்படுத்துதலும் இயல்வதாயிற்று.

இவ்வரலாறு பாடங்களைப் பதிப்பிப்போர் கருத்திற் கொள்ளத்தக்கது. பாணித்தாளை எந்நேரமும் மாற்றியமைக்கலாம். சிறுநிரலைப் புதிதாக எழுதலாம். ஆனால் நூற்பெயரென்றும் பிறமொழிச் சொல்லென்றும் பிரித்துக் குறிக்காது விடப்பட்ட பாடத்தில், அவ்வேறுபாட்டை மீட்டெடுக்க மீண்டும் ஒருவர் அமர்ந்து அதனை முழுவதும் வாசித்தாக வேண்டும்.