சிறார்க்கு உரைக்கத்தக்க பல்லவமாதேவி

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காணவரும் தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு மகேந்திரன், மாமல்லன், இராசசிம்மன் என மன்னர் பெயர்களையே கூறுதல் பெருவழக்கு. கேட்கும் சிறுமியர், ஆலயம் எடுத்தல் ஆடவர்க்கே உரிய செயலென எண்ணுவராயின் அஃது அவர் குற்றமன்று. அவ்வெண்ணம் பொருந்தாதென்பதை இராசசிம்மன் தேவியே கல்லிற் காட்டி நிற்கின்றாள்.

கடற்கரைக் கோயிலை எடுப்பித்த அவ்வேந்தனே, கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலையும் எடுப்பித்தான். இவ்விரண்டு ஊர்களும் நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தே அடங்கியிருந்தன; 2019-இல் வெவ்வேறு மாவட்டத்தனவாயின. கயிலாசநாதர் கோயில் முன்னர் வரிசையாய் நிற்கும் சிற்றாலயங்களுள் ஒன்று, அரங்கபதாகை என்னும் அத்தேவி எடுப்பித்தது. அதன்கண் உள்ள வடமொழிக் கல்வெட்டு 1890-இல் ஹூல்ச் என்னும் அறிஞரால் அச்சேறிற்று. சிவபெருமானுக்கு உமையம்மைபோல் அவள் தன் தலைவற்கு இனியளென அது புகழ்கின்றது. பதாகை என்பது கொடி. மகளிர்க்கு அவள் கொடிபோன்றவள் என அப்பெயர்ப்பொருளையும் அமைத்துப் பாராட்டுகின்றது.

கணவன் சிறப்பாலன்றோ இவள் புகழ்பெற்றாள் எனின், அற்றன்று. ஆலயம் எடுப்பித்தவளெனக் கல்வெட்டுக் கூறுவது அவளையே.

இளஞ்சிறாரை ஆண்டுக்கணக்கை நெட்டுருச் செய்வித்தலினும், அச்சிற்றாலயத்தின் முன் நிறுத்தி, “இதனைக் கட்டுவித்தவர் யார்?” என வினவுதல் நன்று. விடை அறிந்த குழந்தைக்கு, அறுபத்து மூவருள் வைத்துப் போற்றப்பெறும் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்னும் மூவர் வரலாறும் எளிதின் மனங்கொள்ளும்.

கற்பிப்பார் இலராயின், கல் நிலைத்திருப்பினும் பெயர் மறையும். ஆகலின் ஆசிரியன்மாரும் அன்னையரும் இதனைக் கடனெனக் கொள்வாராக.