“இவர் உண்மையிலேயே முடியாதவரா?”: ஒரு பழைய கேள்வியின் வரலாறு



அண்மையில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுகளை அரசு குறைப்பது பற்றிப் பேச்சு வந்தது. உங்களில் ஒருவர் மனந்திறந்து கேட்டார்: “ஃபாதர், நாங்கள் இரவு பகலாய் வேலை செய்து வரி கட்டுறம். சிலபேர் வருத்தம் எண்டு சொல்லிப் பெனிபிட் எடுக்கினம். அதை வெட்டினால் என்ன பிழை?”

அது நேர்மையான கேள்வி. இரவுப் பணி முடித்து, உறங்காமலே திருப்பலிக்கு வருகிறவர் அவர். அவரைக் கடிந்துகொள்ளும் உரிமை எனக்கில்லை. ஆயினும் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற இன்னொருவர் தேநீர்க் கோப்பையை மேசைமீது வைத்துவிட்டு மெல்ல வெளியேறியதை நான் கண்டேன். சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருடைய விண்ணப்பப் படிவத்தை நாங்கள் இருவரும் பங்கு இல்லத்தில் அமர்ந்து நிரப்பியிருந்தோம். எறிகணைச் சிதறல் காலில் தங்கிவிட்ட மனிதர். “ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, ஃபாதர்” என்று கேட்டுக்கொண்டவர். அவருடைய இசைவுடன், ஆள் அடையாளம் தெரியாதபடி, இதனை எழுதுகிறேன்.

அன்று நான் மண்டபத்தில் சொன்ன மறுமொழி போதியதாக இருக்கவில்லை. அதனாலேயே இந்த நீண்ட பதிவு. எந்தக் கட்சிக்கும் ஆதரவாக நான் எழுதவில்லை. நாம் குடியேறி வாழும் இந்நாட்டில் இக்கேள்விக்கு 650 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. அதை அறிந்தபின் நீங்களே தீர்மானியுங்கள்.

1348 இல் கொள்ளைநோய் இங்கிலாந்தை அடைந்தது. மக்களில் பெருந்தொகையினர் மாண்டனர், வயலில் வேலை செய்ய ஆள் இல்லை, கூலி உயர்ந்தது. மறு ஆண்டே, 1349 இல், மன்னர் ஒரு கட்டளை பிறப்பித்தார். உழைக்கும் வலுவுள்ள இரவலருக்குப் பிச்சை இடுவோர் சிறைக்குச் செல்ல நேரும் என்றது அக்கட்டளை. 1388 ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் சட்டம், உழைக்க வலுவுள்ளவர், வலுவற்றவர் என்று இரவலரை இரண்டாகப் பிரித்தது. அன்றுமுதல் இன்றுவரை இந்நாட்டின் சட்டங்கள் அதே கோட்டை அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்கின்றன. அக்கோடு வரையப்பட்ட நேரத்தைக் கவனியுங்கள். நோயாளர் பெருகியதற்காக அது வரையப்படவில்லை. வேலைக்கு ஆள் குறைந்ததற்காக வரையப்பட்டது.

1531 இல், உடல் வலுவற்ற வறியவருக்கு நீதிவான்கள் உரிமச்சீட்டு வழங்கினர். குறித்த எல்லைக்குள் மட்டும் அவர்கள் இரந்து உண்ணலாம். வலுவிருந்தும் இரப்பவர் என்று கருதப்பட்டோர் வண்டியின் பின்னால் கட்டப்பட்டு, குருதி வழியச் சவுக்கால் அடிக்கப்பட்டனர். ஆகவே மாற்றுத்திறனாளி ஒருவரைச் சவுக்கடியிலிருந்து காத்தது ஒரு துண்டுச் சீட்டு. அது கிடைக்காவிட்டால் அவரும் ஏமாற்றுக்காரரே.

சில ஆண்டுகளில் இன்னொரு பேரிடி வந்தது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மன்னர் ஏறத்தாழ 800 துறவு மடங்களை மூடினார். அவற்றோடு நோயாளரையும் பார்வையற்றோரையும் முடங்கியோரையும் தாங்கிய மருத்துவ இல்லங்கள் பலவும் மறைந்தன. இலண்டன் ஸ்மித்பீல்டில் உங்களில் பலர் மருத்துவம் பெற்றிருக்கும் புனித பர்த்தலமேயு மருத்துவமனை, 1123 இல் ராஹியர் என்பவர் துறவு மடத்தோடு நிறுவியது. 1538 இல் இலண்டன் மேயர் ரிச்சர்ட் கிரெஷம், அதையும் வேறு சில இல்லங்களையும் நகரத்திடம் ஒப்படைக்கும்படி மன்னரிடம் மன்றாடினார். நோயுற்ற வறியவர் தெருக்களில் கிடந்தனர். சில ஆண்டுகளின் பின்னரே பர்த்தலமேயு மருத்துவமனை நகரத்தின் பொறுப்பில் மீண்டது.

இதைச் சொல்லி நம் திருச்சபையின் பெருமையை மட்டும் பாட நான் விரும்பவில்லை. பிச்சை பெறத் தகுதியுள்ளவர் யார் என்ற விவாதம் நம்முடைய திருச்சபைச் சட்ட அறிஞர்களிடையேயும் நடந்ததுதான். எனினும் மடத்து வாசலில் ஒருவர் வந்து நின்றபோது, முதலில் உணவு கிடைத்தது என்பதே பெரும்பாலும் மரபு. மடங்கள் போனபின் கேள்வி முந்திக்கொண்டது.

1601 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் அப்பொறுப்பை ஒவ்வொரு பங்கின்மீதும் சுமத்தியது. ஆம், பங்குதான். பங்கின் எல்லைக்குள் வாழ்வோரிடம் வரி பெற்று, கால் முடங்கியோர், பார்வையற்றோர், முதியோர், உழைக்க இயலாதோர் ஆகியோரைப் பராமரிக்க வேண்டும் என்றது சட்டம். வரிப்பணத்தால் இயலாதவரைத் தாங்குவது கடமை என்ற எண்ணம் இங்கு அன்றே வேரூன்றியது. நாம் இன்று கட்டும் வரிக்கும் அதற்கும் நேரான தொடர்பு உண்டு. ஆனால் உதவியோடு வெட்கமும் சேர்ந்தே வந்தது. 1697 ஆம் ஆண்டின் சட்டப்படி, உதவி பெறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும், வறியவர் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்தையும் பங்கின் முதலெழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் பொறித்து, வலத் தோளில் அணிய வேண்டியிருந்தது. 1810 இல்தான் அது நீக்கப்பட்டது.

அன்பர்களே, மண்டபத்திலிருந்து வெளியேறிய அந்தச் சகோதரரின் தோளில் துணிப் பட்டை எதுவும் இல்லை. ஆனால் அவர் அதன் பாரத்தை உணர்ந்தார்.

1834 இல் வந்த புதிய வறியோர் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை இது: உதவி பெறுபவரின் நிலை, உழைப்போரில் மிகவும் ஏழையானவரின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் உண்மையில் வழியற்றவர் மட்டுமே உதவி கேட்டு வருவார். இதற்கான சோதனைக் கூடமே ‘வேர்க்ஹவுஸ்’ எனப்பட்ட வறியோர் இல்லம். கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டனர். உணவு குறைவு, வேலை கடுமை. சோம்பேறிகளை விரட்டவே இது என்றார்கள். நடந்தது வேறு. உடல் வலுவுள்ளோர் எப்படியேனும் வெளியே பிழைத்துக்கொண்டனர். காலப்போக்கில் அவ்வில்லங்களை நிறைத்தவர்கள் முதியோரும் நோயாளரும் மாற்றுத்திறனாளிகளும் ஆதரவற்ற சிறுவருமே. ஏமாற்றுபவருக்கு வைத்த பொறியில் இயலாதவர் விழுந்தார்.

1845 இல் அண்டோவர் என்னும் ஊரின் இல்லத்தில் நடந்தது நாட்டையே உலுக்கியது. உரத்துக்காக விலங்கெலும்புகளை இடிக்கும் வேலை அங்கு இருந்தவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. பசி தாளாமல் அவர்கள் அவ்வெலும்புகளில் ஒட்டியிருந்த அழுகிய தசையையும் மச்சையையும் தின்றனர் என்பது விசாரணையில் வெளிவந்தது. 1847 இல் அவ்வில்லங்களை ஆண்ட ஆணைக்குழுவே கலைக்கப்பட்டது. ஆனால் இல்லங்கள் தொடர்ந்தன.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1948 இல், தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்டத்துக்கு முடிவு கட்டியது. நலவாழ்வு அரசு பிறந்தது. எனினும் அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. வேலை செய்து காப்புறுதிப் பணம் கட்டியவருக்கே நோய்க்காலக் கொடுப்பனவு உரிமையாயிற்று. பிறவியிலேயே இயலாமை உள்ளவர்க்கும், வீட்டுப் பணி மட்டும் செய்துவந்த மனைவியர்க்கும் அத்தகைய உரிமை இல்லை.

அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியவர்கள் இரண்டு பெண்கள். மேகன் டு புவாசன், பெரிட் மூர் ஆகிய இருவரும் 1965 இல் மாற்றுத்திறனாளிகளின் வருவாய்க்காக ஓர் அமைப்பைத் தொடங்கினர். மேகன் நரம்பு மண்டல நோயால் தாக்குண்ட குடும்பத்தலைவி. நாளிதழுக்கு அவர் எழுதிய கடிதத்திலிருந்து எழுந்தது அவ்வியக்கம். 1969 இல் வீதி விபத்தொன்றில் அவர் இறந்தார். மறு ஆண்டு, ஆல்ஃப் மொரிஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் நீண்டகால நோயாளர் மற்றும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறியது. 1971 இல் பராமரிப்புக் கொடுப்பனவும், 1976 இல் நடமாட்டக் கொடுப்பனவும் வந்தன.

இங்கே கேள்வியே மாறியதைக் காணுங்கள். “இவரால் உழைக்க முடியுமா?” என்பதற்குப் பதில், “இயலாமையோடு வாழ இவருக்கு என்ன மேலதிகச் செலவு ஆகிறது?” என்று அரசு முதன்முறையாகப் பரவலாகக் கேட்டது. வாடகை வண்டி, வீட்டைச் சூடாக்குதல், உதவிக்கு ஓர் ஆள்: இவையே அந்தச் செலவு. இன்றைய ‘பிப்’ கொடுப்பனவின் அடித்தளமும் இதுவே. ஆகவேதான் வேலைக்குப் போகிறவரும் அதைப் பெறலாம். “வேலைக்குப் போறார், பிறகேன் பெனிபிட்?” என்று நம்மிடையே கேட்போர் இதனை மனத்தில் கொள்ளுங்கள். பலர் அதன் உதவியாலேயே வேலைக்குப் போகிறார்கள்.

ஆனால் பழைய ஐயம் மறையவில்லை. 1977 இல் திருமணமான பெண்களுக்கென வந்த ஓர் ஓய்வூதியத்தைப் பெற, அவர்கள் வேலை செய்ய முடியாதவர் என்று காட்டினால் மட்டும் போதவில்லை. வழக்கமான வீட்டுப் பணிகளையும் செய்ய முடியாதவர் என்று நிறுவ வேண்டியிருந்தது. ஆண்களுக்கு அச்சோதனை இல்லை. 1984 இல்தான் அது ஒழிந்தது.

2013 இல், முன்னிருந்த கொடுப்பனவுக்கு மாற்றாகப் ‘பிப்’ வந்தது. செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று அன்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த மிச்சம் வரவில்லை, செலவு கூடியது. 2016 இல் அதன் விதிகளை மேலும் இறுக்க முயன்றபோது, அத்துறை அமைச்சராக இருந்த இயன் டங்கன் ஸ்மித்தே பதவி விலகினார். அவரும் ஒரு கத்தோலிக்கர். அந்நாள் மார்ச் 18. அத்திட்டம் கைவிடப்பட்டது. சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 18 அன்று, வேறொரு கட்சியின் அரசு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி பவுண் மிச்சப்படுத்தும் திட்டத்தை வெளியிட்டது.

அதன் நடுவே இருந்தது ஒரு புள்ளிக்கணக்கு. நாளாந்த வாழ்வுக்கான பகுதியைப் பெற மொத்தம் 8 புள்ளிகள் வேண்டும். இனிமேல் ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளிகள் இருந்தாக வேண்டும் என்றது புதிய விதி. இடுப்புக்குக் கீழே கழுவ உதவி தேவைப்படுபவருக்கு 2 புள்ளிகள். தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவ உதவி தேவைப்படுபவருக்கு 4. ஆகவே சமைக்கவும் உடுக்கவும் கழுவவும் கழிப்பறை செல்லவும், ஒவ்வொன்றுக்கும் சிறிதளவு உதவி தேவைப்பட்டு, இரண்டிரண்டாக 8 புள்ளிகள் பெற்றவர் அனைத்தையும் இழந்திருப்பார். அரசின் சொந்த மதிப்பீடே 2,50,000 பேர் வறுமைக்குள் தள்ளப்படுவர் என்றது. அவர்களில் 50,000 பேர் சிறுவர்.

ஆளும் கட்சியிலேயே நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் எதிர்த்தனர். ஜூலை 1 அன்று, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, ‘பிப்’ பற்றிய பகுதியை அரசு விலக்கிக்கொண்டு, அதனை மீளாய்வுக்கு அனுப்பியது. ஆனால் எல்லாமே கைவிடப்படவில்லை. 2026 ஏப்ரல் முதல் ‘யுனிவேர்சல் கிரெடிட்’டின் நோய்க்கான மேலதிகப் பகுதி, புதிதாக விண்ணப்பிப்போரில் பெரும்பாலானோருக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது சட்டமாயிற்று.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். செலவு உயர்வது உண்மை. 2025 தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 37 இலட்சம் பேர் ‘பிப்’ பெற்றார்கள். அரசு கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்; ஏதோவொரு சோதனையும் தேவைதான். ஏமாற்றுபவர் ஒருவரும் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2023–24 இல் ‘பிப்’ கொடுப்பனவில் தவறாகச் சென்ற பணம், அரசின் மதிப்பீட்டின்படி, நூறு பவுணில் ஒரு பவுணுக்கும் குறைவு. மறுபுறம், மேல்முறையீடாகத் தீர்ப்பாயத்தின் விசாரணை வரை சென்ற ‘பிப்’ வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, விண்ணப்பித்தவருக்குச் சார்பாகவே முடிந்துள்ளன. மறுக்கப்பட்டுக் கடிதம் வந்தால் மனம் தளராதீர்கள். மறுபரிசீலனை கோர ஒரு மாதம் உண்டு. அதன் பின்னும் மறுத்தால், மேல்முறையீட்டுக்கு இன்னொரு மாதம். படிவத்தை எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வாருங்கள்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை இன்றிரவு ஒருமுறை வாசியுங்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் அங்கே வருகிறார். சீடர்கள் அவரைக் கண்டதும் யார் செய்த பாவம் என்று கேட்கிறார்கள். அயலவர்கள் இரந்துண்டவர் இவர்தானா என்று ஐயுறுகிறார்கள். பரிசேயர் இருமுறை விசாரிக்கிறார்கள். அவருடைய பெற்றோரையே அழைத்துச் சாட்சி கேட்கிறார்கள். இறுதியில் வெளியே தள்ளுகிறார்கள். அதிகாரம் முழுவதும் விசாரணை. அவரை விசாரிக்காமல் தொட்டவர் ஒருவரே; வெளியே தள்ளப்பட்டபின் தேடிச் சென்று கண்டவரும் அவரே.

அரசு ஒருவரைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். அந்த வேலையை நம் மண்டபத்தில் நாமும் செய்யத் தேவையில்லை. நம்மிடையே போரின் காயத்தை உடலிலும், வெளியே தெரியாதபடி உள்ளத்திலும் சுமப்போர் பலர். இருபது மீற்றர் நடக்க முடியுமா என்று படிவம் அவர்களை ஏற்கெனவே கேட்டுவிட்டது. நாம் கேட்க வேண்டியது வேறு: “அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வர உங்களுக்குக் கார் வேணுமோ?”

கேள்வி கேட்ட சகோதரரிடம் இப்பதிவை முன்கூட்டியே காட்டினேன். வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அண்டைக்கு வெளியில போனது ஆர் எண்டு சொல்லாதேங்கோ, ஃபாதர். ஆனால் ஆருக்காவது கார் தேவையெண்டால் எனக்குச் சொல்லுங்கோ” என்றார்.

இறைவனின் ஆசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.

உங்கள் பங்குத்தந்தை